எதுவும் நடக்காத 93 வருடங்கள்

அன்புள்ள அக்கா,

கனடாவின் சாஸ்கட்டூனிலிருந்து எழுதுகிறேன். எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் போன வாரம் தவறிவிட்டார். வயது 93. ரோஸ்தெர்ன் பக்கம் கோதுமை விவசாயியாக இருந்தவர். நிலத்தை மகனிடம் ஒப்படைத்துவிட்டு மனைவியோடு டவுனுக்குக் குடிவந்தவர். இறப்புச் செய்தியில் 'குடும்பத்துக்காகவே வாழ்ந்தவர்' என்று எழுதி, கொள்ளுப்பேரன் வரை எல்லாப் பெயரையும் போட்டிருக்கிறார்கள். நினைவுக் கூட்டத்தில் என்னையும் இரண்டு வார்த்தை பேசச் சொல்கிறார் அவர் மனைவி, அந்தப் பாட்டி. என்ன பேசுவதென்று தெரியவில்லை. உண்மையைச் சொன்னால் அவர் வாழ்க்கையில் எதுவுமே நடக்கவில்லை. பிறந்த பண்ணையிலேயே உழுதார், கல்யாணம் செய்தார், நான்கு பிள்ளைகளை வளர்த்தார். இங்கத்தியவர்களுக்குக் குடும்பப் பாசம் குறைவு என்று நினைத்திருந்தேன், இவர் ஒரு விதிவிலக்கு. ஏர் பற்றிய நம் பழம்பாட்டு ஒன்றை மொழிபெயர்த்து வாசிக்கலாமா?

கே.

அன்புள்ள கே,

பாட்டு வேண்டாம். கேட்பவர்கள் மரியாதைக்குத் தலையாட்டுவார்கள், பெருமை உங்கள் மொழிக்கும் உங்களுக்கும் போகும், செத்தவருக்கு ஒரு பிடி மண்கூட மிஞ்சாது. விதிவிலக்கு, பாசம் என்றெல்லாம் எழுதியிருப்பதற்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. உங்கள் வாசல் பனியையும் சேர்த்து அந்தக் கிழவர் எத்தனை நாள் தள்ளிவிட்டார் என்று எண்ணிப் பார்த்துவிட்டு நீங்களே வெட்கப்பட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் 'எதுவுமே நடக்கவில்லை' என்ற அந்த வரியை மட்டும் என்னால் கடந்துபோக முடியவில்லை. இரண்டு நாளாக அதோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன்.

ரோஸ்தெர்ன் என்றதும் எனக்கு அந்த ஊர்ப் பக்கத்துக் கோதுமை விவசாயி சீகர் வீலர் ஞாபகம் வந்தார். அவரும் 93 வயது வரை இருந்தவர்தான் (1868–1961). இங்கிலாந்தின் ஒயிட் தீவில் பிறந்து 1885இல் பையனாகக் கனடாவுக்கு வந்தார். அதே 1885இல்தான் ரோஸ்தெர்னுக்கு அருகே பட்டோஷில் மெட்டிஸ் (பூர்வகுடிகளும் ஐரோப்பியரும் கலந்த வம்சம்) மக்களின் எழுச்சியைப் பட்டாளம் வந்து அடக்கியது. பிரெய்ரி என்கிற இந்தப் புல்வெளிச் சமவெளி சும்மா கிடந்தது, போய் உழுதார்கள் என்று யாராவது சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். வீலர் தன் வயலில் கதிர் கதிராகப் பார்த்து, நல்லதை மட்டும் கையால் பொறுக்கி விதைக்கு வைத்தார். 1911இல் நியூயார்க் கண்காட்சியில் உலகின் சிறந்த கோதுமை என்று பரிசு, ஆயிரம் டாலர் தங்க நாணயமாக. அப்புறம் இன்னும் நான்கு தடவை. 1911இல் பரிசு வாங்கிய கோதுமையின் பெயர் மார்க்விஸ். அதன் பெற்றோரில் ஒன்று நம் நாட்டிலிருந்து போன 'ஹார்ட் ரெட் கல்கத்தா'. சீக்கிரம் முற்றும் குணம் அதிலிருந்து வந்தது. செப்டம்பர் உறைபனி விழுவதற்குள் அறுத்தாக வேண்டிய ஊரில் ஒரு வாரம் முந்துவதுதான் வாழ்வும் சாவும். பொறுக்கிய கோதுமைக்குக் கிடைத்த தங்கத்தை எல்லோரும் எழுதிவிட்டார்கள். ஒரு மனிதன் வருடா வருடம் வயலில் குனிந்து கதிர் பார்த்துக்கொண்டிருந்ததை 'நடந்தது' என்று யார் கணக்கில் வைப்பது?

சரி, உங்கள் பெரியவருக்கு வருகிறேன். 93 வயது என்றால் 1937இல் அவர் சின்னப் பையன். அந்த வருடம் உங்கள் சாஸ்கட்சுவான் மாகாணத்தில் ஏக்கருக்குச் சராசரியாக 3 புஷல் (ஒரு புஷல் சுமார் 27 கிலோ) கோதுமைகூட விளையவில்லை. அதற்கு முன்பெல்லாம் வறட்சி தெற்கைத்தான் அதிகம் அடித்தது, அந்த வருடம் வடக்கும் தப்பவில்லை. பகலில் விளக்கேற்றுகிற அளவு புழுதி. நிவாரணமாகக் கிழக்கிலிருந்து ரயிலில் உப்பு மீன் வந்தது. கடலையே பார்க்காத ஜனங்கள் அதை ஊறவைக்கத் தெரியாமல் திண்டாடினார்கள். கருவாடு தின்று வளர்ந்த உங்களுக்கு இது சிரிப்பாக இருக்கும்.

அந்தப் புழுதி வானத்திலிருந்து வரவில்லை. மழை பொய்த்தது, காற்று அடித்தது, எல்லாம் சரி. ஆனால் காற்றுக்கு மண்ணைத் தயாராக எடுத்துக் கொடுத்தது உழவு. பிரெய்ரியில் ஒரு வருடம் விதைத்தால் அடுத்த வருடம் அல்லது அதற்கடுத்த வருடம் நிலத்தைச் சும்மா போடுவார்கள். சும்மா என்றால் சும்மா இல்லை, கோடை முழுக்கத் திரும்பத் திரும்ப உழுது, ஒரு புல் தெரியாமல் கருப்பாக வைத்திருப்பார்கள். களை சாகும், ஈரம் தங்கும் என்பது கணக்கு. கருப்பாக, சுத்தமாகக் கிடக்கும் தரிசுதான் நல்ல விவசாயியின் அடையாளம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகும் வழியில் அடுத்தவன் நிலத்தைப் பார்த்து அவன் எப்படிப்பட்டவன் என்று தீர்ப்புச் சொல்வார்கள். அந்தச் சுத்தமான நிலம்தான் பறந்துபோனது.

சார்லஸ் நோபிள் என்று ஆல்பர்ட்டாவில் ஒருவர். ஒரு காலத்தில் பல்லாயிரம் ஏக்கர் பயிர் செய்து 1922இல் கடனில் எல்லாம் போனவர். முப்பதுகளில் அவர் ஒரு கத்தி செய்தார், மண்ணுக்கடியில் போய்க் களையின் வேரை மட்டும் அறுத்துவிட்டு, அறுவடைக்குப் பின் நிற்கும் பயிர்த்தாளை மேலே அப்படியே விட்டுவிடும். தாள் நின்றால் மண் நிற்கும். இவ்வளவுதான் விஷயம். இந்த 'இவ்வளவுதான்' பிரெய்ரி முழுக்க உழாமல் விதைப்பதாகப் பரவ இன்னும் ஐம்பது வருடம் ஆனது. (களைக்கொல்லி இல்லாமல் அது நடக்கவில்லை. அந்தச் சண்டையை இன்னொரு நாள் போடலாம்.)

இப்போது யோசியுங்கள். உங்கள் பெரியவர் அப்பாவிடம் உழவு கற்றார். கருப்புத் தரிசு போட்டு நல்ல பெயர் எடுத்தார். அறுபது வயதை நெருங்கும்போது மகன் வந்து, 'உழாதே அப்பா, தாளோடு விடு' என்கிறான். நிலம் குப்பை மேடு மாதிரி தெரிகிறது. பக்கத்துப் பண்ணைக்காரர் சிரிக்கிறார். அப்பா சொல்லிக்கொடுத்தது தப்பு என்று ஒப்புக்கொண்டு, அந்தத் தப்பை மகன் முன்னாலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். விவசாயிக்கு வருடத்துக்கு ஒரு அறுப்பு, ஆயுள் முழுக்க அறுபது கிடைத்தால் அதிகம். சோதித்துப் பார்க்க அவ்வளவுதான் வாய்ப்பு. எழுத்தாளர்கள் நாங்கள் ஒரு பத்தியை நாற்பது தடவை திருத்துகிறோம், பிறகு படைப்பு வேதனை என்று பேட்டி கொடுக்கிறோம்.

அவர் வீட்டில் இது இப்படியேதான் நடந்தது என்று நான் சொல்லவில்லை. நடந்ததா என்று நீங்கள் கேட்கவில்லை என்கிறேன். ஆறு வருடம் பக்கத்து வீட்டில் இருந்தீர்கள், கே! பனி எவ்வளவு, ஹாக்கி ஸ்கோர் என்ன, இதைத் தாண்டி ஒன்று கேட்டீர்களா?

பல வருடங்களுக்கு முன் ரெஜைனாவில் தங்கை வீட்டில் இருந்தபோது ஒரு பண்ணை ஏலத்துக்குப் போனேன். கிழவர் தன் பிக்கப்பில் உட்கார்ந்து கண்ணாடியை இறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். டிராக்டர், கம்பைன் எல்லாம் போனபிறகு வண்டியில் பரப்பியிருந்த சில்லறைச் சாமான்களை விற்றார்கள். வளைந்த ஆணிகளை நிமிர்த்திச் சேர்த்த ஒரு காபி டப்பா. பழைய பாக்கெட் நோட்டுகள் கிடந்த அட்டைப்பெட்டி. பெட்டியை இரண்டு டாலருக்கு நான் எடுத்தேன். வேறு யாரும் கை தூக்கவில்லை.

தினமும் ஒரு வரி. காற்று, மழை, எத்தனை ஏக்கர். ஒரு மே மாதப் பக்கத்தில்: 'காலை மகள் பிறந்தாள். மதியம் 20 ஏக்கர் விதைத்தேன். மேகம்.' தங்கை படித்துவிட்டு, என்ன ஜென்மம் இது என்றாள். நானும் அன்றைக்குச் சிரித்தேன். மழை வருவதற்குள் விதைக்காவிட்டால் அந்தக் குழந்தைக்கு அந்த வருடம் பூட்ஸ் கிடையாது என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது. இன்னொன்றும் பிறகுதான் கவனித்தேன். நோட்டைப் பின்பக்கத்திலிருந்து திறந்தால் வேறொரு கையெழுத்து, முட்டை, கிரீம் விற்ற கணக்கு. கோதுமைப் பக்கத்தில் கோடு போட்டு அடித்திருந்த வருடங்களில் மளிகைக் கடன் இந்தப் பக்கத்திலிருந்து அடைந்திருந்தது. 'குடும்பத்துக்காகவே வாழ்ந்தவர்' என்று அச்சிடும்போது ஆண்பாலில் ஒருமையில் போட்டுவிடுகிறோம். கோழிக்கூண்டு யாருக்கும் ஞாபகம் வருவதில்லை.

உங்கள் கேள்வி என்ன? ஆம், என்ன பேசுவது. இன்று சாயங்காலமே பாட்டியைப் போய்ப் பாருங்கள். கருப்புத் தரிசை எந்த வருடம் விட்டார், யார் பேச்சைக் கேட்டு விட்டார், கணக்கு எழுதியது யார் என்று கேளுங்கள். மசூர் பயிரிட்டாரா என்றும் கேளுங்கள், உங்கள் அம்மா ஊரில் வாங்கும் மைசூர் பருப்பில் அந்த மாகாணத்துப் பருப்பும் கலந்திருக்கும். நோட்டு இருந்தால் பிள்ளைகள் வீட்டைக் காலி செய்வதற்குள் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். பாட்டி சொன்னதில் ஒன்றை மட்டும் எடுத்து மூன்று நிமிடம் பேசுங்கள். ஆங்கிலம் தடுமாறினால் பரவாயில்லை, அந்த ஹாலில் பாதிப் பேருடைய தாத்தா ஜெர்மனோ உக்ரைனியமோ பேசிக்கொண்டு வந்து இறங்கியவர்தான்.

கூட்டம் முடிந்ததும் சர்ச் பெண்கள் சாப்பாடு போடுவார்கள். ஓடி வந்துவிடாதீர்கள். முட்டை சாண்ட்விச் இருக்கும், உட்கார்ந்து சாப்பிடுங்கள், பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும் அவர்கள் பண்ணை எங்கே என்று கேளுங்கள்.

அன்புடன்,
அக்கா