விமானம் இறங்காமல் மேலே போனது ஏன், யாரிடம் கேட்பது?

கேள்வி: ஐயா, எனக்குக் கீழக்கரை. வீட்டுக்காரர் துபாயில் வேலை பார்க்கிறார். மூன்று வாரத்துக்கு முன்னால் பிள்ளைகளோடு அங்கிருந்து ஊருக்குத் திரும்பினேன். ராத்திரி நேரம், நல்ல மழை. ரன்வே விளக்கெல்லாம் ஜன்னலில் தெரிந்துவிட்டது. இதோ இறங்கிவிட்டோம் என்று நினைத்தபோது விமானம் பெரிய இரைச்சலோடு மூக்கைத் தூக்கிக்கொண்டு மேலே போய்விட்டது. அரை மணி நேரத்துக்கு மேல் சுற்றிவிட்டுத்தான் இறங்கியது. ஏன் என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. விமான நிறுவனத்துக்கு மெயில் போட்டேன். பயணிகளின் பாதுகாப்பே எங்கள் முதல் கடமை என்று பதில் வந்தது. விமான நிலையத்தில் கேட்டால் அது ஏடிசி சமாசாரம் என்றார்கள். இன்னொரு அலுவலகம், எங்கள் வரம்பில் வராது என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. அன்றைக்கு நாங்கள் ஆபத்தில் இருந்தோமா? இவர்களையெல்லாம் மேற்பார்க்க ஆள் உண்டா, இல்லையா? இன்னும் இரண்டு மாதத்தில் உம்மாவை உம்ராவுக்கு அனுப்ப வேண்டும். நினைத்தாலே பயமாக இருக்கிறது.

பதில்: சகோதரி, மற்றதையெல்லாம் அப்புறம் பேசலாம். முதலில் நாள் கணக்கைப் பாருங்கள். அன்றிரவு விமானியும் ஏடிசி என்கிற விமானக் கட்டுப்பாட்டு அறையும் ரேடியோவில் பேசிக்கொண்டது முழுவதும் பதிவாகியிருக்கும். சர்வதேச விதிப்படி அந்தப் பதிவைக் குறைந்தது 30 நாள் வைத்திருக்க வேண்டும். விசாரணை என்று ஒன்று எடுத்துவிட்டால் அது முடியும்வரை அழிக்கக் கூடாது. விசாரணை இல்லையென்றால், 30 நாள் கழிந்தபின் அதை வைத்திருக்க யாருக்கும் கட்டாயம் கிடையாது. உங்களுக்கு மூன்று வாரம் போய்விட்டது. மிச்சம் இருப்பது ஒரு வாரம்தான்.

அதனால் இன்றைக்கே ஒரு பக்கத்தில் ஒரு மனு எழுதுங்கள். விமான எண், தேதி, இறங்க வேண்டிய நேரம், உண்மையில் இறங்கிய நேரம், உங்கள் இருக்கை எண், கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது. இவ்வளவு போதும். 'உயிரோடு விளையாடினார்கள்' போன்ற வரிகள் வேண்டாம். கோபம் நியாயமானதுதான், ஆனால் அந்த வரியைப் பிடித்துக்கொண்டு மொத்த மனுவையும் ஒதுக்கிவிடுவார்கள். கடைசியில் ஒரு வாக்கியம் கட்டாயம் இருக்கட்டும்: 'மேற்படி நேரத்துக்குரிய ஏடிசி ஒலிப்பதிவையும் ரேடார் பதிவையும் அழிக்காமல் பாதுகாக்கக் கோருகிறேன்.' மனுவை அந்த விமான நிலையத்தின் இயக்குநருக்கு அனுப்புங்கள். நகலை டிஜிசிஏ என்கிற சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்துக்கு அனுப்புங்கள். மெயிலிலும் போகட்டும், ஸ்பீடு போஸ்ட்டிலும் போகட்டும். ரசீதைப் பத்திரமாக வையுங்கள். விமானம் எந்த வழியாகச் சுற்றியது என்று காட்டும் தளங்கள் இருக்கின்றன. பழைய பயணங்களை இலவசமாக ரொம்ப நாள் காட்டாது. இன்னும் கிடைத்தால் அந்தப் படத்தையும் எடுத்துச் சேர்த்துவிடுங்கள்.

சரி, இப்போது உங்கள் முதல் கேள்வி. அன்றைக்கு நடந்தது கோ-அரவுண்ட். இறங்குவதைக் கைவிட்டு மறுபடி மேலே ஏறுவது. ஏடிசி வேலையில் பல வருடம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த இரைச்சலைக் கேட்டால் எனக்கு நிம்மதிதான் வரும். இறங்குமுகத்தில் என்ஜின் அடங்கி ஓடும். விமானி முடிவை மாற்றியதும் முழு விசை கொடுப்பார், மூக்கு நிமிரும், ஒரு 'தட்' சத்தத்தோடு சக்கரம் உள்ளே போகும். உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு ஏதோ உடைந்த மாதிரி இருக்கும். எதுவும் உடைவதில்லை.

ஏன் அப்படிச் செய்வார்கள்? மழை மேகத்துக்குள் இறங்கும்போது தரைக்கு 1,000 அடி மேலே வருவதற்குள் வேகம், இறங்கும் சாய்வு, சக்கரம், இறக்கை மடிப்பு எல்லாம் சரியாக அமைந்திருக்க வேண்டும். அமையவில்லையென்றால் மேலே போக வேண்டும். இன்னும் கீழே வந்து, சாதாரணக் கருவி வசதியுள்ள ரன்வேயில் சுமார் 200 அடி உயரத்திலும் முன்கண்ணாடி வழியே விளக்கு தெரியவில்லையென்றாலும் மேலே போக வேண்டும். பக்கத்து ஜன்னலில் உங்களுக்குத் தெரிந்தது, அடித்துப் பெய்யும் மழையில் நேர் எதிரே அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. காற்று திடீரென்று திசை மாறியிருக்கலாம். ரன்வேயில் முந்தைய விமானம் இன்னும் விலகாமல் இருந்திருக்கலாம். அரை மணி நேரம் சுற்ற எரிபொருள் இருந்ததா என்ற பயமும் உங்களுக்கு இருக்கும். மாற்று விமான நிலையம் வரை போய், அங்கேயும் 30 நிமிடம் சுற்றும் அளவுக்கு வைத்துக்கொண்டுதான் கிளம்புவார்கள்.

இதில் ஒரு காரணம் மட்டும் கதையை மாற்றும். ரன்வேயில் இருக்கக் கூடாத விமானமோ வண்டியோ நின்றிருந்தால், அல்லது வானத்தில் இன்னொரு விமானம் நெருங்கி வந்திருந்தால், அது அதிகாரபூர்வமாகத் தெரிவித்து விசாரிக்க வேண்டிய நிகழ்வு. உங்கள் மனு இந்த வித்தியாசத்தைத்தான் தெளிவுபடுத்தச் சொல்ல வேண்டும்.

கோ-அரவுண்ட் செய்யாததால் என்ன ஆகும் என்பது வளைகுடாவுக்குப் பிள்ளைகளை அனுப்பிய குடும்பங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 2010 மே 22ஆம் தேதி துபாயிலிருந்து மங்களூருக்கு வந்த விமானத்தில் 158 பேர் இறந்தார்கள், எட்டுப் பேர்தான் பிழைத்தார்கள். மேலே போய்விடலாம் என்று துணை விமானி மூன்று முறை சொல்லியும் கேப்டன் இறக்கினார் என்று விசாரணை அறிக்கை சொல்கிறது. 2020 ஆகஸ்ட் 7ஆம் தேதி, அதுவும் துபாய் விமானம்தான், கோழிக்கோட்டில் மழையில் இறங்கி ரன்வேயைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தது. 21 பேர் போனார்கள். அங்கேயும் மேலே போகச் சொன்ன குரலுக்குச் செவி கொடுக்கப்படவில்லை. உங்கள் விமானி செவி கொடுத்தார். அந்தப் பத்து நொடியில் அவர் செய்தது சரி.

சரியில்லாதது அதற்கு அப்புறம் நடந்தது. மேலே ஏறிய முதல் சில நிமிடங்கள் விமானிகள் இருவருக்கும் கை நிறைய வேலை, அந்த மௌனத்தில் குற்றமில்லை. ஆனால் அரை மணி நேரம் சுற்றும்போது இரண்டு வாக்கியம் சொல்லியிருக்கலாம். தரையிறங்கிய பிறகு நீங்கள் எழுதிக் கேட்டும், மூன்று இடத்தில் மூன்று கதவைச் சாத்தினார்களே, அதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது. உங்கள் இரண்டாவது கேள்வியின் பதிலும் அங்கேதான் இருக்கிறது.

மேற்பார்க்க ஆள் உண்டு. நம் நாட்டில் வான்வழியை நடத்துவது இந்திய விமான நிலையங்கள் ஆணையம், 1995இல் உருவானது. டவர் என்கிற கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் உட்கார்ந்திருப்பவர் அதன் ஊழியர். அவர் விதிப்படி வேலை செய்கிறாரா, விமான நிறுவனம் விதிப்படி ஓட்டுகிறதா என்று பார்ப்பது டிஜிசிஏ. விபத்தையும் தீவிரமான நிகழ்வுகளையும் விசாரிப்பது 2012இல் வந்த விமான விபத்து புலனாய்வுப் பணியகம். மூன்றுக்கும் மேலே ஒரே அமைச்சகம். சட்டத்தில் டிஜிசிஏவுக்கும் புலனாய்வுப் பணியகத்துக்கும் தனி இடம் கொடுத்தது 2020இல். 2025 ஜனவரி 1 முதல் பழைய 1934ஆம் வருடச் சட்டத்தின் இடத்தில் புதிய வானூர்திச் சட்டமே வந்துவிட்டது. ஆனாலும் கடைசிச் சொல் மத்திய அரசுடையதுதான். நடத்துபவரும் கண்காணிப்பவரும் விசாரிப்பவரும் ஒரே அமைச்சருக்குக் கீழே இருக்கும்வரை, ஒரு அலுவலகம் இன்னொன்றின் தவறைத் துணிந்து எழுதும் என்று எதிர்பார்ப்பது கஷ்டம். என் ஆதங்கம் இதுதான், இதில் ஒளிவுமறைவு இல்லை.

இதைச் சரிசெய்யவும் முயன்றிருக்கிறார்கள். டிஜிசிஏவுக்குப் பதிலாகத் தன்னாட்சி பெற்ற ஆணையம் அமைக்க 2013இல் மக்களவையில் மசோதா வந்தது, சட்டமாகாமல் காலாவதியானது. அடுத்த ஜனவரியிலேயே, கண்காணிப்புக்குப் போதிய ஆட்கள் இல்லை என்பது உள்ளிட்ட குறைகளைச் சொல்லி அமெரிக்கா நம் பாதுகாப்புத் தர வரிசையைக் குறைத்தது. 2015 ஏப்ரலில்தான் திருப்பிக் கொடுத்தது. இத்தனை வருடம் கழித்து, 2025இல் நாடாளுமன்ற நிலைக்குழு எழுதிய அறிக்கையிலும் அதே கதை. டிஜிசிஏவில் அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் கிட்டத்தட்டப் பாதி காலி. ஏடிசியில் வேலை பார்க்கும் கட்டுப்பாட்டாளர்களின் களைப்பைப் பற்றியும் அந்தக் குழு கவலைப்பட்டிருக்கிறது. அகமதாபாத் விமான விபத்தில் 260 உயிர் போன சில வாரங்களில் வந்த அறிக்கை அது. அதே வருடம் நவம்பரில் டெல்லியில் ஏடிசியின் செய்திப் பரிமாற்றக் கணினி படுத்துவிட்டது. கட்டுப்பாட்டாளர்கள் விமானத் திட்டங்களைக் கையால் ஏற்றினார்கள், 800க்கும் மேற்பட்ட விமானங்கள் தாமதம். முன்பே எச்சரித்தோம் என்றது அவர்கள் சங்கம். பாதி நாற்காலி காலியாக இருக்கும் அலுவலகத்திலிருந்து உங்களுக்கு ஒரே வரி பதில் வந்ததில் எனக்கு ஆச்சரியமில்லை. வருத்தம் உண்டு.

நம் கரைக்கு மேலே உள்ள வானத்தைப் பற்றி ஒரு வார்த்தை. யாரைக் கேட்பது என்பது சம்பவம் எங்கே நடந்தது என்பதைப் பொறுத்தது. உயரத்தில் போகிற விமானத்தைச் சென்னை மையம் கவனிக்கும். பாக் நீரிணைக்கு அப்பால் கொழும்பின் பொறுப்பு. உச்சிப்புளியில் இருப்பது கடற்படையின் பருந்து விமானத் தளம், அது பாதுகாப்புத் துறைக்குக் கட்டுப்பட்டது. உங்கள் விஷயம் இறங்கும் நேரத்தில் நடந்ததால், அந்த விமான நிலையத்து டவர்தான் முதல் இடம். ராமேஸ்வரத்தில் விமான நிலையம் அமைக்கச் சாத்தியம் உண்டா என்று ஆராயப்போவதாக 2025 தமிழக பட்ஜெட்டில் அறிவித்திருக்கிறார்கள். வரட்டும், சந்தோஷம். நிலம் எங்கே என்று கேட்கிற நாம், டவருக்கு ஆள் எங்கே என்றும் அப்போதே கேட்க வேண்டும்.

மனு அனுப்பியாயிற்று. அடுத்து, மத்திய அரசின் பொதுக் குறைதீர் தளத்தில் அதையே பதிவு செய்யுங்கள். 21 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்பது இப்போதைய விதி. விமான அமைச்சகத்தின் ஏர்சேவா செயலியும் இருக்கிறது, டிக்கெட் பணம், பெட்டி காணவில்லை போன்றவற்றுக்கு அது சௌகரியம். உங்கள் காரியத்துக்கு நான் அதை மட்டும் நம்பியிருக்க மாட்டேன்.

உண்மையான ஆயுதம் ஆர்டிஐ என்கிற தகவல் அறியும் உரிமைச் சட்டம். கட்டணம் 10 ரூபாய், தபால் ஆர்டராக வைக்கலாம். தமிழிலேயே எழுதலாம், மத்திய அலுவலகமாக இருந்தாலும் சட்டம் அதை அனுமதிக்கிறது. 30 நாளில் பதில் தர வேண்டும். 'எங்கள் வரம்பில் வராது' என்ற பேச்சு இங்கே செல்லாது. பிரிவு 6(3)இன்படி, விஷயம் வேறு அலுவலகத்துடையது என்றால் ஐந்து நாளுக்குள் அவர்களே அங்கே மாற்றிவிட்டு உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தப் பிரிவு எண்ணை விண்ணப்பத்திலேயே குறிப்பிட்டுவிடுங்கள். தனியார் விமான நிறுவனத்துக்கு ஆர்டிஐ நேரடியாகப் பொருந்தாது. ஆனால் அந்த நிறுவனத்திடமிருந்து டிஜிசிஏ சட்டப்படி கேட்டுப் பெறக்கூடிய தகவலை, டிஜிசிஏ வழியாக நீங்கள் கேட்கலாம். அதற்கு இடம் கொடுப்பது பிரிவு 2(எஃப்).

எப்படிக் கேட்பது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். 'ஏன் மேலே போனது?' என்று கேட்டால், விளக்கம் தருவது எங்கள் கடமை அல்ல என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆர்டிஐ கொடுப்பது ஏட்டில் இருப்பதை மட்டும்தான். அதனால், 'இன்ன தேதி, இன்ன விமானத்தின் கோ-அரவுண்டுக்கு டவர் பதிவேட்டில் குறிக்கப்பட்டுள்ள காரணத்தின் நகல்' என்று கேளுங்கள். அது தெரிவிக்கப்பட வேண்டிய நிகழ்வாக வகைப்படுத்தப்பட்டதா, எந்த வகையில் என்று கேளுங்கள். அந்த டவருக்கு அனுமதிக்கப்பட்ட கட்டுப்பாட்டாளர் பணியிடம் எத்தனை, அன்றைய தேதியில் நிரம்பியிருந்தது எத்தனை என்று கேளுங்கள். கடந்த 12 மாதத்தில் அங்கே நடந்த கோ-அரவுண்டுகளைக் காரண வாரியாகக் கேளுங்கள். ஊழியர்களின் பெயரைக் கேட்க வேண்டாம், காக்பிட் குரல் பதிவையும் கேட்க வேண்டாம். இரண்டையும் தர மாட்டார்கள், அதைச் சாக்காக வைத்து மற்றதையும் இழுத்தடிப்பார்கள். நீங்கள் தேடுவது ஆளை அல்ல, காரணத்தை.

இதற்கெல்லாம் பலன் உண்டா என்று சலித்துக்கொள்ளாதீர்கள். 2018 அக்டோபரில் திருச்சியிலிருந்து துபாய் கிளம்பிய விமானம் நிலையத்தின் சுற்றுச்சுவரை இடித்துக்கொண்டே மேலே போனது. டவர் அதைச் சொல்லியும், எல்லாம் சரியாக இருக்கிறது என்று பல மணி நேரம் பறந்து, பிறகு மும்பையில் இறக்கினார்கள். புறப்படும்போது என்ஜின் விசை குறைந்ததை இரண்டு விமானிகளுமே கவனிக்கவில்லை என்பது விசாரணை அறிக்கையில் வந்தது, அந்த அறிக்கை யாரும் படிக்கும்படி வெளியிடப்பட்டது. எழுதி வெளியில் வந்த விஷயத்தை மறுபடி மூடி மறைப்பது கஷ்டம்.

உம்மாவைத் தாராளமாக அனுப்புங்கள். கிளம்பும் முன் ஒரு விஷயத்தை மட்டும் அவர்களுக்குப் புரியும்படி சொல்லி வையுங்கள்: 'இறங்கப்போகிற விமானம் சில நேரம் சத்தத்தோடு மறுபடி மேலே ஏறும், அது டிரைவர் நிதானமாக இருக்கிறார் என்று அர்த்தம், பெல்ட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருங்கள்.' முன்கூட்டியே கேட்டவர்களுக்குப் பயம் பாதி குறைந்துவிடும். உங்கள் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லுங்கள். அன்றைக்குப் பயந்திருப்பார்கள்.

ஆர்டிஐ பதில் 30 நாளில் வராவிட்டாலோ, பாதி மறைத்து வந்தாலோ, அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல் அதிகாரியிடம் முதல் மேல்முறையீடு செய்ய வேண்டும், அதற்குக் கட்டணம் இல்லை. எந்தப் பிரிவைச் சொல்லி மறுத்தார்கள் என்பதோடு பதிலின் நகலை எனக்கு அனுப்புங்கள். மேல்முறையீட்டை எப்படி எழுதுவது என்று பார்த்துச் சொல்கிறேன்.