குடல் அறுவைக்குப் பிறகு ஸ்கேனில் புதிய கட்டி: வாசகர் கேள்விகள்

கேள்வி: பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்து ஒரு வருடம் ஆகிறது. இப்போது பெட் ஸ்கேனில் குடலை இணைத்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறிய கட்டி பளிச்சென்று தெரிகிறதாம். நோய் திரும்பிவிட்டதா?

பதில்: இருக்கலாம். ஆனால் ஸ்கேனை மட்டும் வைத்து அந்த முடிவுக்கு வராதீர்கள். பெட் ஸ்கேன் காட்டுவது புற்றுநோயை அல்ல, சர்க்கரையை அதிகமாக உறிஞ்சும் செல்களை. அழற்சி செல்களும் அப்படித்தான் உறிஞ்சும். கரையாத தையல் நூலையோ ஸ்டேப்ளர் பின்னையோ உடல் அந்நியப் பொருளாகப் பார்க்கிறது. அதை அழிக்க வரும் வெள்ளணுக்கள், அழிக்க முடியாமல் சுற்றிலும் கூடி, நார்த்திசுவோடு சேர்ந்து ஒரு முடிச்சாகிவிடும். இதுதான் தையல் கிரானுலோமா. அறுவை முடிந்து பல வருடங்கள் கழித்துக்கூட இது தெரியவரலாம். சிறு கசிவு ஏற்பட்டு ஆறிய இடமும், இரத்த ஓட்டம் குறைந்து நசிந்த கொழுப்பும் இதே போல ஏமாற்றும்.

நோய் திரும்புவது பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று வருடங்களில்தான் என்பதால் இதைத் தள்ளிப்போடவும் கூடாது. குடலுக்குள் இருந்தால் கொலோனோஸ்கோபியிலும் (கேமராக் குழாயைக் குடலுக்குள் விட்டுப் பார்ப்பது), வெளியே இருந்தால் பெரும்பாலும் சிடி உதவியோடு ஊசி மூலமும் திசு எடுத்துச் சோதிக்கலாம்; இதுதான் பயாப்ஸி. எடுக்கக்கூடிய இடத்தில் இருந்தால், பயாப்ஸி இல்லாமல் கீமோ தொடங்க வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

கேள்வி: பயாப்ஸியில் 'அழற்சி மட்டும்' என்று வந்துவிட்டது. நிம்மதியாக இருக்கலாமா?

பதில்: அறிக்கையை முழுதாகப் படியுங்கள். நூல் துணுக்கும் அதைச் சுற்றிப் பெருஞ்செல்களும் (வெள்ளணுக்கள் பல ஒன்றுசேர்ந்து உருவாகும் பெரிய செல்கள்) இருந்தன என்றால், கட்டிக்கு ஒரு நல்ல விளக்கம் கிடைத்துவிட்டது. வெறும் 'அழற்சி', 'நார்த்திசு' என்று மட்டும் இருந்தால், ஊசி சரியான இடத்தைத் தொடாமல் போயிருக்கலாம். சில மாதங்களில் மறுபடி ஸ்கேன் எடுத்து ஒப்பிட வேண்டும். வளர்ந்திருந்தால் மீண்டும் பயாப்ஸி, தேவைப்பட்டால் அறுவை.

கேள்வி: இரத்தப் பரிசோதனையில் சிஇஏ (குடல் புற்றுநோயில் கூடக்கூடிய ஒரு புரதம்) அளவு சரியாக இருக்கிறது. அப்படியென்றால் புற்றுநோய் இல்லைதானே?

பதில்: அப்படிச் சொல்ல முடியாது. சில கட்டிகள் சிஇஏவைச் சுரப்பதே இல்லை. முதல் அறுவைக்கு முன் உங்களுக்கு அது கூடியிருந்ததா என்று பாருங்கள். கூடியிருந்தால்தான் இப்போதைய அளவுக்கு ஓரளவு மதிப்பு. புகைப்பவர்களுக்குப் புற்றுநோய் இல்லாமலே சற்றுக் கூடியிருக்கலாம்.

கேள்வி: கிரானுலோமா என்று உறுதியாகிவிட்டது. எடுத்தே ஆக வேண்டுமா?

பதில்: வலி, சீழ், குடல் அடைப்பு எதுவும் இல்லையென்றால் பெரும்பாலும் தேவையில்லை. வழக்கமான தொடர் பரிசோதனைகளை மட்டும் விட்டுவிடாதீர்கள்.