தோலால் ஆன கைத்துப்பாக்கி உறைக்கு எண்ணெய் பூசலாமா? அதை எப்படிப் பராமரிப்பது?

புதிதாக வாங்கிய உறை மிகவும் இறுக்கமாக இருப்பதால் எண்ணெய் பூசி இளக்கலாமா என்றும், அதன் பின் எப்படிப் பராமரிப்பது என்றும் கேட்டிருக்கிறீர்கள். இளக்குவதற்காக எண்ணெய் பூசவே வேண்டாம். பாதுகாப்புப் பணியில் சேர்ந்த புதிதில் நான் செய்த தவறு அதுதான். செருப்புக்குப் பொருந்தும் பக்குவம் உறைக்கும் பொருந்தும் என்று நம்பி, மாட்டின் கால் எலும்புகளிலிருந்து எடுக்கப்படும் நீட்ஸ்ஃபுட் எண்ணெயைத் தோல் குடிக்கும் மட்டும் தேய்த்து ஓர் இரவு ஊற வைத்தேன். மறுநாள் உறை துணிப்பையைப் போலத் தொய்ந்துவிட்டது. நிறமும் கறுத்துப் போனது.

தோல் உறைகள் பெரும்பாலும் மரப்பட்டை போன்ற தாவரப் பொருள்களின் சாற்றில் பதனிட்ட கெட்டித் தோலால் செய்யப்படுகின்றன. அந்தத் தோலை நீரில் நனைத்து, துப்பாக்கியின் வடிவிலேயே அமைந்த அச்சின் மேல் அழுத்திக் காயவைக்கும்போது, அது அதே வடிவத்தில் விறைத்து நிற்கிறது. நடக்கும்போதும் ஓடும்போதும் துப்பாக்கியை நழுவாமல் பிடித்துக்கொள்வது இந்த விறைப்புத்தான். மிகுதியான எண்ணெய் தோலின் நார்களுக்கு இடையே புகுந்து அவை ஒன்றன்மேல் ஒன்று வழுக்க இடம் தருவதால் அந்தப் பிடி போய்விடுகிறது. பிடி தளர்வதைவிடவும் நான் அஞ்சுவது உறையின் வாய் மடிவதைத்தான். துப்பாக்கியைத் திரும்பச் செருகும்போது மடிந்த தோல் விசைக்காப்பு வளையத்துக்குள் நுழைந்து விசையை அழுத்தினால், விரல் படாமலேயே குண்டு பாய்ந்துவிடும்.

இறுக்கத்தைத் தளர்த்த எளிய வழி ஒன்று உண்டு. குண்டுகளை முழுவதும் அகற்றி, குழலின் பின்னறையும் காலியாக இருப்பதைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்த பின், துப்பாக்கியை மெல்லிய பிளாஸ்டிக் பையில் சுற்றி உறைக்குள் செருகி, சற்றே இப்படியும் அப்படியும் அசைத்து, ஓர் இரவு அப்படியே விட்டுவிடுங்கள். பையின் தடிமன் அளவுக்கு மட்டும் தோல் விரிந்துகொடுக்கும். போதாவிட்டால் மறுநாளும் செய்யலாம். மீதி இறுக்கம் பயன்படுத்தப் பயன்படுத்தச் சரியாகிவிடும். அதில் அவசரம் வேண்டாம்.

அன்றாடப் பராமரிப்பில் பெரிய வேலை ஏதுமில்லை. உலர்ந்த மென்மையான பிரஷ்ஷால் தையல் இடுக்குகளில் உள்ள தூசியைத் தட்டிவிட்டு, நன்றாகப் பிழிந்த ஈரத்துணியால் வியர்வை பட்ட பக்கத்தைத் துடைத்தால் போதும், ஏனெனில் வியர்வையின் உப்பு தோலையும் கெடுக்கும், உள்ளே இருக்கும் எஃகையும் துருப்பிடிக்க வைக்கும். அழுக்கு விடாப்பிடியாக இருந்தால் மட்டும் தோல் பொருள்களைத் துலக்கும் சேணச் சோப்பைச் சிறிதளவு நுரைத்துப் பயன்படுத்துங்கள். மழையில் நனைந்துவிட்டால் நிழலில், காற்றோட்டத்தில், தானாகக் காயவிட வேண்டும். ஈரத்தோலை வெயிலிலோ ஹேர் டிரையரின் சூட்டிலோ வைத்தால், தோலுக்கு உடலாக இருக்கும் கொலாஜன் சுருங்கி, உறை கோணிப்போகும். அப்படிக் கோணியதை மீட்க முடியாது.

தோலின் மேற்பரப்பு வறண்டு வெளிறத் தொடங்கினால், தேன்மெழுகு கலந்த, தோலுக்கான கண்டிஷனரைத் துணியில் தொட்டு, வெளிப்பக்கத்தில் மட்டும் மெல்லியதாகத் தடவி, சிறிது நேரம் கழித்து மிச்சத்தைத் துடைத்தெடுங்கள். ஆண்டுக்கு 2 முறைக்கு மேல் எனக்கு இது தேவைப்பட்டதில்லை. பெரும்பாலான கண்டிஷனர்கள் நிறத்தைக் கொஞ்சம் கறுக்க வைக்கும் என்பதால், முதலில் பின்பக்கத்து மூலையில் சோதித்துப் பாருங்கள். உட்பக்கத்தில் எதையும் பூச வேண்டாம். அது துப்பாக்கியில் ஒட்டித் தூசியைச் சேர்க்கும்.

துப்பாக்கியை உறைக்குள்ளேயே வைத்து நீண்ட நாள் பூட்டி வைப்பது பலரிடம் உள்ள பழக்கம். தோல் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதோடு, பதனிடும்போது சேர்ந்த அமிலங்களும் உப்புகளும் அதில் எஞ்சியிருக்கலாம் என்பதால், எஃகில் புள்ளி புள்ளியாகத் துரு ஏறும். தோல் பட்டையில் செருகி வைத்த பித்தளைத் தோட்டாக்களில் பச்சைக் களிம்பு படிவதும் இதனால்தான். துப்பாக்கியையும் உறையையும் தனித்தனியாக, தோட்டாக்களை வேறாக, பூட்டி வையுங்கள். உறையில் பூஞ்சணம் பூத்திருந்தால், வெளியே எடுத்துச் சென்று துடைத்துவிட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைச் சம அளவு நீரில் கலந்து துணியால் தொட்டு ஒற்றி, முழுவதும் உலர்ந்த பின்பே உள்ளே வைக்க வேண்டும்.

எந்தக் கண்டிஷனராலும் வெடிப்பை ஒட்டவைக்க முடியாது. இடுப்புப்பட்டை நுழையும் கண்ணியில் விரிசல் விழுந்திருந்தாலோ, வாய்ப்பக்கத் தையல் பிரிந்திருந்தாலோ, காலியான உறையின் வாய் இடுப்பில் கட்டியவுடன் ஒட்டிக்கொண்டாலோ, அந்த உறையில் அதன் பிறகு துப்பாக்கியைச் செருகாதீர்கள். நான் எண்ணெயில் ஊற வைத்த அந்த உறையையும் அப்படித்தான் ஒதுக்க நேர்ந்தது. இப்போது அதில் தோட்டக் கத்தரிக்கோல் இருக்கிறது.