மரியாதையாகக் கொடுத்துவிடு

கேள்வி: நியூயார்க்கில், குயின்ஸ் பகுதியில் வசிக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரரின் மகன் போலீஸ். அவர் கொடுத்த போலீஸ் சங்கத்து மரியாதை அட்டையை என் அக்கா மகன் பர்ஸில் வைத்திருந்தான். காரை வேகமாக ஓட்டியதற்காக நிறுத்தியபோது, லைசென்ஸோடு அதையும் சேர்த்து நீட்டியிருக்கிறான். அந்தப் போலீஸ்காரர் அபராத டிக்கெட்டும் எழுதிவிட்டு, அட்டையையும் பிடுங்கிக்கொண்டார். சட்டப்படி அவருக்கு அந்த அதிகாரம் உண்டா?

பதில்: சட்டத்துக்கு அப்புறம் வருகிறேன். முதலில் அந்த ‘மரியாதை’யைக் கீழே இறக்கி வைப்போம். கர்ட்டஸி கார்டு என்று அங்கே சொல்கிறார்கள் என்பதற்காக நாமும் மரியாதை அட்டை என்று எழுத வேண்டுமா? சலுகை அட்டை என்று எழுதுங்கள். இதே பக்கத்தில் முன்பு ஒருமுறை இப்படிச் சொன்னதற்கு, பேராசிரியர் ஒருவர் இரண்டு பக்கக் கடிதத்தில் மறுத்தார். சலுகை என்றால் ரயில் கட்டணம்தான் நினைவுக்கு வருகிறதாம். வரட்டுமே! ரயில் சலுகைக்கு அரசாணை இருக்கிறது, யாருக்கு உண்டு என்று பட்டியல் இருக்கிறது. இந்த அட்டைக்கு அந்த யோக்கியதைகூட இல்லை.

மரியாதை என்பது வடமொழி மர்யாதாவிலிருந்து வந்த சொல். அங்கே அதற்கு எல்லை, வரம்பு, கரை என்று பொருள். ராமனை மர்யாதா புருஷோத்தமன் என்பது அவன் வரம்பு மீறாதவன் என்பதால்தான். தமிழில் அது பரிவட்டமாகவும் முதல் விபூதியாகவும் மாறி, யாருக்கு முதலில் என்று கோர்ட்டுப் படி ஏறும் அளவுக்கு வந்துவிட்டது. கரை என்று பொருள்பட்ட சொல்லை, கரையை உடைத்துக்கொண்டு போவதற்கான அட்டைக்குப் பெயராக வைப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை.

விஷயம் தெரியாத வாசகர்களுக்காக: நியூயார்க் நகரப் போலீஸ்காரர்களின் சங்கம் பி.பி.ஏ. 1894-இல் தொடங்கியது. வீட்டாருக்கும் நண்பர்களுக்கும் கொடுப்பதற்காக உறுப்பினர்களுக்கு ஆண்டுதோறும் அட்டைகள் தருகிறது. 2018-இல் பணியில் இருப்பவர்களுக்கு 30 அட்டை என்பது 20 ஆனது, ஓய்வு பெற்றவர்களுக்கு 20 என்பது 10 ஆனது என்று செய்தி வந்தபோது அவர்கள் கொதித்துப் போனார்கள். அட்டைக்குச் சட்ட மதிப்பு எதுவும் கிடையாது. ஆனால் டிக்கெட் எழுதுவதா, எச்சரித்து அனுப்புவதா என்பது நிறுத்திய போலீஸ்காரரின் விருப்பம். அந்த விருப்பத்தின் மேல்தான், ‘நம்ம ஆள், விட்டுவிடு’ என்று அட்டை வேலை செய்கிறது.

சரி, பிடுங்கலாமா? கூடாது. சங்கம் வேறு, போலீஸ் துறை வேறு. லைசென்ஸ் அரசு கொடுத்தது, அதைப் பறிப்பதற்குச் சட்டம் இருக்கிறது. ஒரு தனிச் சங்கத்தின் அட்டையைப் பறிக்கச் சீருடையில் நிற்பவருக்கு என்ன சட்டம் இருக்கிறது? அமெரிக்க அரசியலமைப்பின் 4-ஆவது திருத்தம் மனிதரின் உடலை, வீட்டை, காகிதங்களை, உடைமைகளைக் காரணமில்லாத பறிமுதலிலிருந்து காக்கிறது. அட்டை போலி, அல்லது அதைக் காட்டி ‘நானே போலீஸ்’ என்று ஏமாற்றினான் என்று நம்பத் தகுந்த காரணம் இருந்தால், சாட்சிப் பொருளாக எடுக்கலாம். கைது செய்தால் பர்ஸில் உள்ள மற்றவற்றோடு கணக்கில் எழுதி வைக்கலாம். வேகமாகப் போனதற்கு அட்டை சாட்சியாகுமா?

“அட்டை சங்கத்தின் சொத்து, கேட்டால் திருப்பித் தர வேண்டும்” என்று சிலர் வாதாடுவார்கள். அப்படியே இருந்தாலும் கேட்க வேண்டியது சங்கம். இலினாய் மாநிலத்தில் 1987-இல், வாடகை இடத்தில் நின்ற ஒரு குடும்பத்தின் டிரெய்லர் வீட்டை, வெளியேற்றும் உத்தரவு இல்லாமலேயே இடத்துக்காரரின் ஆட்கள் இழுத்துக்கொண்டு போனார்கள். ஷெரிஃப் அலுவலகத்துக் காவலர்கள் பக்கத்தில் நின்று அந்தக் குடும்பம் தடுக்காமல் பார்த்துக்கொண்டார்கள். 1992-இல் உச்ச நீதிமன்றம் அதுவும் 4-ஆவது திருத்தம் சொல்லும் பறிமுதல்தான் என்று ஒரே குரலில் சொன்னது. தனியாரின் சொத்துத் தகராறில் சீருடை கைகொடுக்கக் கூடாது. வீட்டுக்கு உள்ள பாதுகாப்பு அட்டைக்கும் உண்டு.

உங்கள் அக்கா மகன் தானாகவே விட்டுக்கொடுத்தான் என்று அந்தப் போலீஸ்காரர் சொல்லலாம். மனமொப்பிக் கொடுத்தால் அது பறிமுதல் ஆகாது, உண்மைதான். ஆனால் அவன் பார்ப்பதற்காக நீட்டினான், வைத்துக்கொள்ளச் சொல்லவில்லை. “மரியாதையாகக் கொடுத்துவிடு” என்று நம் ஊரில் ஒருவர் சொன்னால் அதில் மரியாதை எவ்வளவு இருக்கும்? இடுப்பில் துப்பாக்கியோடு நிற்பவர் “அதை வைத்துவிட்டுப் போ” என்று சொன்னதும் தலையாட்டுவதைச் சம்மதம் என்று நான் எழுத மாட்டேன்.

நான் கேட்பது ஒன்றே: ரசீது கொடுத்தாரா? ரசீதைப் பற்றி இந்தப் பக்கத்தில் எத்தனை முறை எழுதியிருக்கிறேன், இன்னும் எழுதுவேன். நியூயார்க் போலீஸ் ஒரு பொருளை முறைப்படி எடுத்தால் வவுச்சர் போட்டு எண் கொடுக்க வேண்டும். எண் இல்லையென்றால் அவர் எடுத்தது போலீஸ் வேலைக்காக அல்ல. கல்லூரி நாளில் நண்பனை வைத்து சைக்கிளில் டபுள்ஸ் போனேன். நிறுத்தியவர் அபராதம் போடவில்லை. வால்டியூபைப் பிடுங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். நாலு கிலோமீட்டர் உருட்டிக்கொண்டு வந்தேன். தப்பு என்னுடையதுதான். அபராதம் கேட்டிருந்தால் கட்டியிருப்பேன். ஆனால் வால்டியூபைப் பிடுங்கு என்று எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை. அந்தக் கோபம் இன்றும் எனக்குத் தீரவில்லை.

இதையெல்லாம் சொன்னாலும், என் மனம் உங்கள் அக்கா மகன் பக்கம் இல்லை. என் மனம் மேத்யூ பியாங்கி பக்கம். ஸ்டேட்டன் ஐலண்டில் போக்குவரத்துப் பணியில் இருந்த நியூயார்க் போலீஸ்காரர். அட்டை வைத்திருந்தவர்களுக்கும் டிக்கெட் எழுதியதால், மேலதிகாரிகள் பழிவாங்கித் தன்னை இரவு வேலைக்குத் தள்ளினார்கள் என்று 2023-இல் வழக்குப் போட்டார். 2024-இல் நகரம் 1,75,000 டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. அட்டையைப் பறிப்பது அதற்குச் சக்தி உண்டு என்று ஒப்புக்கொள்வது. பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்து, அமைதியாக டிக்கெட் எழுதுவதுதான் அதைச் செல்லாக்காசாக்கும். உங்கள் போலீஸ்காரர் பாதியைச் சரியாகச் செய்தார்.

சிவில் உரிமை வழக்கு போடலாம், 1871-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. ஆனால் நஷ்டம் எதையும் காட்ட முடியாவிட்டால், ஜெயித்தாலும் பெயருக்கு ஒரு டாலர்தான். அதிகார மீறல் புகார்களை விசாரிக்கும் பொதுமக்கள் புகார் வாரியத்துக்கு எழுதலாம், எழுதச் சொல்லுங்கள். அதற்கு முன்னால் டிக்கெட்டுக்கான பணத்தைக் கட்டச் சொல்லுங்கள். அட்டை திரும்பி வந்தால், பக்கத்து வீட்டுக்காரரின் மகனிடமே அவன் கொடுத்துவிடட்டும்.