கிள்ளான் துறைமுகம் இவ்வளவு பெரிதாக இருக்கும்போது, பினாங்குத் துறைமுகத்துக்கு ரயில் பாதை எதற்கு?

மலேசியாவில், பினாங்குத் துறைமுகத்தின் கண்டெய்னர் முனையம் இருக்கிற பட்டர்வொர்த்தில் சரக்கு அனுப்பும் ஏஜென்சி ஒன்றில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன். அதனால் கொஞ்சம் பினாங்குப் பக்கம் சாய்ந்துதான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அளவில் போட்டியே கிடையாது. 2023இல், கோலாலம்பூர் பக்கமுள்ள கிள்ளான் கையாண்டது இருபதடிக் கண்டெய்னர் பெட்டிக் கணக்கில் சுமார் 14 மில்லியன். ஆனால் அதில் பாதிக்கு மேல் ஒரு கப்பலில் இறங்கி இன்னொரு கப்பலில் ஏறிப் போகிற சரக்கு. அது தண்டவாளத்தைப் பார்ப்பதே இல்லை.

ரயிலை வைத்து நடக்கிற இழுபறி தென் தாய்லாந்துச் சரக்குக்குத்தான். ஹட்யாய் வட்டாரத்து ரப்பர், ரப்பர் மரப் பலகை. அவர்களுக்குப் பக்கத்தில் சொங்க்லா துறைமுகம் இருக்கிறது, ஆழம்தான் போதாது. பெரிய கப்பல் வராது. ஆகவே பெட்டிகள் மலேசிய எல்லையிலுள்ள பாடாங் பெசாருக்கு வருகின்றன, பல லோரியிலேயே வந்து அங்கே ரயிலேறுகின்றன. அங்கிருந்து பட்டர்வொர்த் 170 கிலோமீட்டர்தான். தண்டவாளம் துறைமுக முனையத்துக்குள்ளேயே போய்விடுவதால் நடுவில் இன்னொரு லோரி வாடகை இல்லை.

சிக்கல் என்னவென்றால், புக்கிட் மெர்தாஜாமில் திரும்பினால் நமக்கு, திரும்பாமல் நேரே போனால் கிள்ளானுக்கு. மூன்று மடங்குக்கு மேல் தூரம். இருந்தும் போகிறார்கள், ஏனென்றால் ஐரோப்பா போகிற பெரிய கப்பல் அங்கேதான் நிற்கும். இங்கே ஏற்றினால் ஃபீடர் என்கிற சிறிய இணைப்புக் கப்பலில் போய் எங்காவது மாற வேண்டும். சீனாவுக்கு என்றால் அந்தத் தொல்லை குறைவு, பினாங்கே லாபம். 2014இல் ஈப்போ–பாடாங் பெசார் இரட்டைத் தண்டவாளம் முடிந்தபோது இங்கே எல்லாரும் சந்தோஷப்பட்டோம். யோசித்துப் பார்த்தால், தூரம் அதிகமுள்ள கிள்ளானுக்குத்தான் அதில் ஆதாயம் கூடுதல்.

கிழக்குக்கரை ரயில் பாதை வந்தால் என்ன ஆகும் என்று சிலர் கேட்கிறார்கள். 665 கிலோமீட்டர், குவாந்தானையும் கிள்ளானையும் இணைக்கும், சரி. அதன் கேஜ், அதாவது தண்டவாள அகலம், 1,435 மில்லிமீட்டர். நம்முடையது மீட்டர் கேஜ், 1,000 மில்லிமீட்டர். நம் வேகன் அதில் ஓடாது, பெட்டியைத் தூக்கித்தான் மாற்ற வேண்டும். வடக்குச் சரக்கை அது பெரிதாக அசைக்காது என்பது என் கணிப்பு.

ரயில் மலிவுதான், ஆனால் ரொம்பப் பிடிவாதம். ஒருமுறை தாளில், பெட்டிக் கதவைப் பூட்டி வைக்கிற சீலின் நம்பரில் 8ஐ 3 என்று அடித்துவிட்டேன். சாயங்காலம் பாடாங் பெசாரிலிருந்து போன்: "அண்ணே, உங்க பெட்டிய மட்டும் விட்டுட்டு ரயிலு போயிடுச்சு." லோரியாக இருந்தால் தாளைத் திருத்தி அன்றிரவே ஓட்டியிருக்கலாம். அடுத்த ரயிலில் பெட்டி வந்து சேர்வதற்குள் கப்பலுக்குப் பெட்டி வாங்கும் கடைசி நேரமான க்ளோசிங் முடிந்து, கப்பல் கிளம்பி, பெட்டி யார்டில் ஒரு வாரம் கிடந்தது. வாடகைப் பில்லை முதலாளி ஒன்றும் பேசாமல் என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.