சுங்கை சிப்புட்டில் ஆப்பமும் ஸ்டூவும்: நாகர்கோவில் தங்கச்சிக்கு

நாகர்கோவிலிலிருந்து கல்யாணமாகி மலேசியாவின் சுங்கை சிப்புட்டுக்கு வந்திருக்கும் தங்கச்சி ஒருத்தி கேட்டிருக்கிறாள். அம்மா சொல்லிக்கொடுத்த அளவில்தான் அரைக்கிறாளாம். கள்ளுக்குப் பதில் ஈஸ்ட் பாக்கெட்டில் பாதியைக் கொட்டி ராத்திரி முழுக்க வைத்தால், காலையில் மாவு பொங்கி வழிந்து புளித்த வாடை அடிக்கிறது. ஆப்பத்தின் ஓரம் மொறுமொறுப்பாக வருவதில்லை, வெஜிடபிள் ஸ்டூ திரிந்துவிடுகிறது. எந்த அரிசி வாங்குவது, கள் எங்காவது கிடைக்குமா, பெட்டித் தேங்காய்ப்பால் பரவாயில்லையா என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, கடைசியில் "இங்கே ஆப்பத்துக்கு இனிப்புப் பால்தான் ஊற்றிச் சாப்பிடுறாங்க, ஸ்டூ வைத்தால் மாமியார் சாப்பிடுவாங்களா அக்கா?" என்று முடித்திருக்கிறாள்.

அந்தக் கடைசிக் கேள்விதான் உங்களைத் தூங்கவிடாத கேள்வி என்று நினைக்கிறேன், தங்கச்சி. நானும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இதே ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள்தான். அதற்கும் வருகிறேன். முதலில் மாவு.

உங்கள் அம்மாவின் அளவைத் தொடாதீர்கள். ரெண்டு கப் பச்சரிசி, அரை மூடித் தேங்காய், ஒரு கைப்பிடி சோறு, இதில் எந்தக் குறையும் இல்லை. மாற்ற வேண்டியது நேரத்தைத்தான். காலை ஆப்பம் என்கிற நினைப்பையே விட்டுவிட்டு, ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஆப்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாகர்கோவிலும் குளிர்ப்பிரதேசம் இல்லைதான். ஆனால் தாமான் என்கிற குடியிருப்பு வீடுகளில் பின்பக்கம் தகரக்கூரை போட்டு இழுத்துக் கட்டிய அடுப்படியில் தேங்குகிற வெக்கை, ராத்திரி பத்து மணிக்கும் இறங்காது. அதில் ஈஸ்ட் போட்ட மாவை எட்டு மணி நேரம் விட்டால் புளிக்காமல் என்ன செய்யும்?

கடையில் கிடைக்கிற ஈஸ்ட் பாக்கெட் ஒன்று 11 கிராம். அது ரொட்டிக்காக அளந்த அளவு, பாதி என்றாலும் நமக்கு ரொம்ப அதிகம். ரெண்டு கப் அரிசிக்குக் கால் டீஸ்பூனுக்கும் குறைவாகப் போட்டால் போதும். காலை ஏழு மணிக்கு அரிசியை ஊறப்போட்டு, பதினொன்றரை வாக்கில் அரையுங்கள். மிக்ஸியில் அரைப்பவர் என்றால் ஐஸ் தண்ணீர் ஊற்றி அரையுங்கள், ஜார் சூட்டிலேயே மாவு பாதி புளிக்க ஆரம்பித்துவிடும். கப்பி காய்ச்சுவது உங்கள் பக்கத்துப் பழக்கம்தானே, அதை விட்டுவிடாதீர்கள். அரைத்த மாவில் ரெண்டு கரண்டி எடுத்து, ஒரு கப் தண்ணீரில் கரைத்துக் கூழாகக் காய்ச்சி, நன்றாக ஆறிய பிறகே மாவில் சேர்க்க வேண்டும். சூடாகக் கொட்டினால் ஈஸ்ட் செத்துப்போகும். நான்கைந்து மணி நேரத்தில் மாவு நுரைத்து எழும்பிவிடும். உப்பு, ரெண்டு டீஸ்பூன் சீனி, கொஞ்சம் தேங்காய்ப்பால் எல்லாம் சுடுவதற்கு அரை மணி நேரம் முன்னால் சேருங்கள். ஓரம் சிவந்து மொறுமொறுப்பாவது அந்தச் சீனியால்தான். மாவு தோசை மாவை விட நன்றாக இளகி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சட்டியைச் சுழற்றும்போது ஓரத்தில் மெல்லிசாக ஏறாது.

அரிசிக்கு நம் ஆட்கள் மளிகைக்கடையில் 'பச்சரிசி' என்று எழுதிய பையையே வாங்குங்கள். பொன்னி வாங்கினால் பையைத் திருப்பிப் பாருங்கள், இங்கே வருவதில் பெரும்பாலும் புழுங்கல். தாய்லாந்து வாசனை அரிசி சோற்றுக்கு அருமை, ஆப்பத்துக்கு ஆகாது. நடுவில் பிசுபிசுவென்று ஒட்டும். அவசரத்துக்கு உள்ளூர் வெள்ளை அரிசியும் சரிதான், அரைக்கும்போது தண்ணீரைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

கள்ளுக்கு வருவோம். மாமியாரிடம் கேட்டுவிடாதீர்கள். ஊரில் முன்பெல்லாம் ஆப்பக்கடைக்காரர் கள் ஊற்றி மாவு கரைத்தது சாதாரண விஷயம், யாரும் தவறாக நினைத்ததில்லை. இங்கே ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்தப் பேச்சே வேறு. அந்தக் காலத்தில் தோட்டத்துக்கு உள்ளேயே கள்ளுக்கடை இருக்கும், பால்மரம் வெட்டி வாங்கிய சம்பளம் அங்கேயே போய்விடும். 1941ல் கிள்ளான் பக்கத்துத் தோட்டங்களில் நம் ஜனங்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் அவர்கள் கேட்டவற்றில் ஒன்று. லயம் என்கிற தோட்டத்து வரிசை வீட்டில் கள்ளால் பட்ட பாட்டைப் பார்த்த தலைமுறை இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. புதுமருமகள் வந்த கையோடு கள் எங்கே கிடைக்கும் என்று விசாரித்தால், ஆப்பத்துக்குத்தான் என்று சொன்னாலும் முகம் சுருங்கும். அந்த மணம் வேண்டுமென்றால் ஒரு கப் இளநீரில் ஒரு ஸ்பூன் சீனி போட்டு, மூடாமல் மெல்லிய துணி மட்டும் கட்டி ராத்திரி முழுக்க வெளியே வையுங்கள். மறுநாள் அதை விட்டு அரைத்தால் ஈஸ்டே வேண்டாம். மாவு எழும்ப இன்னும் ரெண்டு மூன்று மணி நேரம் பிடிக்கும், ருசி அதற்குத் தகுந்த மாதிரி இருக்கும்.

இனி தேங்காய்ப்பால். இந்த ஒரு விஷயத்தில் நாம் ஊரை விடக் கொடுத்துவைத்தவர்கள் என்பேன். ஊரில் துருவி, அரைத்து, துணியில் பிழிந்து கை வலிக்கும். இங்கே காலையில் பாசாருக்கு, அதாவது சந்தைக்குப் போனால் கண் முன்னாலேயே தேங்காயைத் துருவி மிஷினில் பிழிந்து பிளாஸ்டிக் பையில் கட்டித் தருகிறார்கள். 'சந்தான் பாத்தி' என்று கேளுங்கள், தண்ணீர் விடாமல் பிழிந்த கெட்டிப்பால் அது. மாவில் அரைக்க 'கெலாபா பூத்தே', அதாவது பழுப்புத் தோல் சீவிவிட்டுத் துருவியதைக் கேளுங்கள், ஆப்பம் பளிச்சென்று வெள்ளையாக வரும். நம் பேராக் மாநிலத்துப் பாகான் டத்தோ தேங்காய்க்குப் பேர்போன இடம், அந்தக் காய் வந்திருக்கிறதா என்று கடைக்காரரிடம் கேட்டு வாங்குங்கள். ஹரிராயா, தீபாவளி சமயத்தில் மட்டும் சீக்கிரம் போங்கள். விலையும் ஏறும், ஒன்பது மணிக்கெல்லாம் தீர்ந்தும் போகும்.

வாங்கிய பாலை வீட்டுக்கு வந்ததும் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு அன்றைக்கே செலவழித்துவிட வேண்டும். மதியம் வரை மேசையில் கிடந்தால் கெட்டுவிடும். பெட்டிப்பால் அவ்வளவு சீக்கிரம் திரியாது, அவசரத்துக்குக் கைகொடுக்கும், வாசனைதான் இருக்காது. ஸ்டூ என்பதே தேங்காய்ப்பால்தான், அதில் போய் பெட்டியை ஊற்றுவதில் எனக்குச் சம்மதமில்லை. பாசார் பக்கத்தில் இல்லாத ஊரில் இருந்தால் அது வேறு கதை.

ஸ்டூ திரிவதற்குக் காரணம் கெட்டிப்பாலைக் கொதிக்கவிடுவது. பாலில் இருக்கிற புரதம்தான் எண்ணெயையும் தண்ணீரையும் பிரியாமல் சேர்த்துப் பிடித்திருக்கிறது. தளதளவென்று கொதித்தால் அந்தப் பிடி விட்டுப்போகிறது. நாலு பேருக்கு 400 மில்லி கெட்டிப்பால் வாங்கினால், அதில் 100 மில்லியைத் தண்ணீர் விட்டு நீர்க்கக் கரைத்து, காயை அதிலேயே வேகவையுங்கள். வெந்தபின் அடுப்பைச் சிறிதாக்கி, 200 மில்லி கெட்டிப்பாலை ஊற்றி, ஓரத்தில் முத்து முத்தாக நுரை கட்டும்போதே இறக்கிவிடுங்கள். மிச்சம் 100 மில்லி எதற்கு என்று கடைசியில் சொல்கிறேன்.

தாளிக்கத் தேங்காய் எண்ணெயில் பட்டை, கிராம்பு, ஏலக்காய், கறிவேப்பிலை, சின்ன வெங்காயம். கறிவேப்பிலை பக்கத்து வீட்டு வேலியிலேயே இருக்கும், கேட்டுப் பறியுங்கள், இங்கே யாரும் இல்லை என்று சொல்வதில்லை. உருளைக்கிழங்கில் 'ஹாலந்து' என்று விற்பது குழையாமல் நிற்கும். பீன்ஸ் கேமரன் மலையிலிருந்து வரும், நாரில்லாமல் பிஞ்சாக இருக்கும். காரத்தில்தான் கவனம் வேண்டும். இங்கத்துப் பெரிய பச்சைமிளகாயில் காரமே இல்லை, சிலி பாடி என்கிற குட்டி மிளகாயோ கண்ணில் தண்ணீர் வரவைக்கும். நான் பெரிய மிளகாயைக் கீறிப் போட்டு, காரத்துக்குச் சரவாக் வெள்ளை மிளகைத் தட்டிப் போடுகிறேன். ஸ்டூவின் நிறமும் கெடாது. பெந்தோங் இஞ்சி என்றால் ஊரில் போடுவதில் பாதி போட்டால் போதும், அவ்வளவு உறைப்பு.

எங்கள் பக்கத்தில் மறுவீட்டுச் சாப்பாட்டுக்கு வைக்கிற சொதியும் ஏறக்குறைய இதே கதைதான், பாசிப்பருப்பு கூடும், பட்டை கிராம்பு கிடையாது. உங்கள் ஸ்டூவை விட எங்கள் சொதிதான் ஆப்பத்துக்கு ஜோடி என்பது என் கட்சி. அந்தச் சண்டையை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.

ஆப்பச்சட்டியை ஈப்போவில் லிட்டில் இந்தியா பாத்திரக்கடைகளில் பார்த்து வாங்குங்கள், இங்கேயிருந்து முப்பது கிலோமீட்டர்தான். ரெண்டு காதும் மூடியும் உள்ளதாக, கனமானதாக எடுங்கள். ஊரிலிருந்து மிக்ஸி கொண்டுவந்திருந்தால் அது இங்கத்து மின்சாரத்தில் ஓடும், பிளக்கை மட்டும் மூன்று சதுரக் கால் உள்ளதாக மாற்ற வேண்டும்.

இப்போது மாமியார். இங்கே கடைகளில் ஆப்பம் என்றாலே தேங்காய்ப்பாலும் பழுப்புச் சீனியும்தான். சின்ன வயதிலிருந்து அப்படியே சாப்பிட்டவர்களிடம், அப்படி இல்லை, எங்கள் ஊரில் இப்படி என்று ஆரம்பிக்காதீர்கள். வெள்ளிக்கிழமை நிறைய வீடுகளில் சைவம், உங்கள் வீட்டிலும் அப்படியென்றால் அன்று ராத்திரிக்கு வையுங்கள். எடுத்து வைத்த அந்த 100 மில்லி பாலில் பாண்டான் என்கிற வாசனை இலை ஒன்றை முடிச்சுப் போட்டு, குலா மெலாகா என்கிற தென்னைவெல்லம் கரைத்து லேசாகச் சூடாக்குங்கள். முதல் ஆப்பங்களை அதோடு அவருக்குக் கொடுங்கள். ஸ்டூவைப் பக்கத்தில் வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் அடுத்த ஆப்பத்தைச் சுடப் போங்கள். இனிப்பு ரெண்டு சாப்பிட்டபின் வாய் தானாக உறைப்பு தேடும். அன்றைக்கே தொடாவிட்டாலும் வருத்தப்படாதீர்கள், உங்கள் வீட்டுக்காரர் ரெண்டாவது தடவை ஊற்றிக்கொள்வதை அவர் பார்த்தால் போதும்.

மீந்த மாவு மறுநாள் புளித்திருக்கும். அதில் வெங்காயம் தூவி ஊத்தப்பமாகச் சுட்டுவிடுங்கள், ஆப்பத்துக்கு இழுக்காதீர்கள். டுரியான் பழ சீசனில் மாவையும் தேங்காய்ப்பாலையும் இறுக்கமான மூடி போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள், இல்லாவிட்டால் ரெண்டிலும் அந்த வாடை ஏறிவிடும்.