கோல் ஏன் எங்கள் போனுக்குப் பிந்தி வருகிறது?

கேள்வி: 2022 உலகக் கோப்பை கால்பந்து இறுதி ஆட்டத்தைப் போனில் பார்த்தேன். என் போனில் ஆள் பந்தை உதைப்பதற்கு முன்பே பக்கத்து வீட்டில் கத்திவிட்டார்கள். செயற்கைக்கோள் அவ்வளவு தூரத்தில் இருப்பதால்தான் இந்தத் தாமதமா?
(தூத்துக்குடி வாசகர்)

பதில்: அன்று ராத்திரி எங்கள் வீட்டிலும் இதே கதைதான். ஹாலில் டிவி, பேரன் கையில் போன். டிவியில் அர்ஜென்டினா வீரர் மோன்டியல் கடைசி பெனால்டியைப் போட்டுவிட்டு ஓடுகிறார். போனில் அவர் இன்னும் பந்தருகே வரவே இல்லை. பேரன் காதைப் பொத்திக்கொண்டு, "தாத்தா, யாரும் சொல்லாதீங்க!" என்று கெஞ்சினான். கடிகாரத்தில் பார்த்தேன், 27 விநாடி வித்தியாசம்.

முப்பது வருடம் செயற்கைக்கோள் தரைநிலையத்தில் வேலை பார்த்தவன் நான். அந்தப் பழி செயற்கைக்கோளுக்கு வேண்டாம். அது 35,786 கி.மீ. உயரத்தில் இருப்பது உண்மைதான். ஆனால் சிக்னல் விநாடிக்கு 3 லட்சம் கி.மீ. வேகத்தில் போகிறது. ஏறி இறங்க ஏறக்குறைய கால் விநாடி போதும். இறுதி ஆட்டம் நடந்த லுசைல் மைதானத்திலிருந்து தோஹா ஒளிபரப்பு மையத்துக்கு ஃபைபரில் போக அதுகூட வேண்டாம்.

நேரம் போவதெல்லாம் மூட்டை கட்டுவதில். ஹெச்டி கேமராவிலிருந்து விநாடிக்கு 1.5 கிகாபிட், அதாவது 1,500 மெகாபிட் வருகிறது. உங்கள் போனுக்கு அதைச் சில மெகாபிட்டுக்குள் அடக்கியாக வேண்டும். படத்தைச் சுருக்கும் கருவியான என்கோடர் என்ன செய்யும் தெரியுமா? புல்தரை அப்படியே இருக்கிறதா, அதைத் திரும்ப அனுப்பாது. பந்து எங்கே நகர்ந்தது, அதை மட்டும் குறித்துக்கொள்ளும். அதற்கு முன்னும் பின்னும் உள்ள படங்களைக் கையில் வைத்து ஒப்பிட வேண்டும். பின்னால் வரும் படம் வரும்வரை காத்திருந்துதானே ஆக வேண்டும்! இந்தக் காத்திருப்பு டிவிக்கும் உண்டு. டிடிஎச் என்றால் அவர்கள் சிக்னலை வாங்கி, மறுபடி மூட்டை கட்டி, மறுபடி மேலே அனுப்புவார்கள். அதனால்தான் கேபிள் வீட்டுக்கும் டிடிஎச் வீட்டுக்கும்கூட ஓரிரு விநாடி முன்பின் ஆகிறது.

போனுக்கு இன்னொரு வேலை கூடுதல். படத்தைத் துண்டு துண்டாக நறுக்கி அனுப்புகிறார்கள். ஒரு துண்டு ஆறு விநாடி என்பது பரவலான வழக்கம். துண்டு முழுதாக நிரம்பாமல் கிளம்பாது. உங்கள் போனில் உள்ள ஆப் மூன்று துண்டுகளைச் சேர்த்து வைத்துக்கொண்டுதான் ஓட்டவே தொடங்கும். அங்கேயே 18 விநாடி போயிற்று! நெட் நடுவில் தொய்ந்தாலும் படம் நிற்காமல் ஓடுவது இந்தக் கையிருப்பால்தான். துண்டைச் சிறிதாக்கினால் தாமதம் குறையும், ஆனால் சிக்னல் இல்லாத இடத்தில் படம் சுற்றிக்கொண்டு நிற்கும். என்னைக் கேட்டால், பெனால்டி நேரத்தில் படம் கொஞ்சம் மங்கினாலும் பரவாயில்லை, உடனே வர வேண்டும்.

ஒன்று செய்யுங்கள். நடுவில் நிறுத்திவிட்டு மறுபடி ஓட்டினால் நிறுத்திய நேரமும் தாமதத்தோடு சேர்ந்துவிடும். 'லைவ்' பொத்தானை அழுத்தி முன்னுக்கு வாருங்கள்.

கேள்வி: மழை பெய்தால் எங்கள் டிஷ்ஷில் படம் போய்விடுகிறது. டிவி கம்பெனிக்கு மட்டும் போகாதா?
(நாகர்கோவில் வாசகர்)

பதில்: மொட்டைமாடி டிஷ் வாங்குவது கேயு பேண்ட் என்ற அலைவரிசை, அலைநீளம் இரண்டரை செ.மீ. அளவு. கனமழைத் துளிகள் அதை நன்றாகவே விழுங்கிவிடும். நிலையங்களில் பெரிய டிஷ்ஷில் வாங்கும் சி பேண்டின் அலைநீளம் ஏழரை செ.மீ.; மழை அதை அவ்வளவாகத் தொடாது. பெரிய போட்டி என்றால் ஃபைபரிலும் ஒரு வழி வைத்திருப்பார்கள்.

கேள்வி: ஒலிம்பிக்ஸ் முதன்முதலில் செயற்கைக்கோள் வழியாக வந்தது எப்போது?
(ஈரோடு வாசகர்)

பதில்: 1964, டோக்கியோ. அந்த ஆகஸ்டில்தான் சின்காம் 3 என்ற செயற்கைக்கோள் மேலே போனது, அக்டோபர் 10-ல் தொடக்க விழா. ஜப்பானின் காஷிமாவிலிருந்து ஏற்றி, கலிபோர்னியாவின் பாயிண்ட் முகுவில் இறக்கினார்கள். சின்காமில் படத்துக்கே இடம் நெருக்கடி. அதனால் ஒலி பசிபிக் கடலடி கேபிளில் தனியாகப் போனது. கேபிள் வழி குறுக்கு வழி, ஒலி முந்திக்கொள்ளும். படத்தோடு பொருத்த அதைப் பிடித்து நிறுத்தியாக வேண்டும். ஐரோப்பாவுக்கு அந்த வசதி பெரும்பாலும் இல்லை. அமெரிக்கக் கண்டத்தில் பதிவான நாடாக்கள் விமானம் ஏறி அட்லாண்டிக்கைக் கடந்தன.